ஃபேக்டரி ரீசெட்டும் சின்ன அத்தையின் ஜாதகமும்

பதிவு கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் நாற்பது நிமிஷம் பேசிப் பழகியவளுக்கு நாலு வரியில் எழுத வரவில்லை. டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். உறவுக்காரர்கள் கடைசிவரை படிக்க வேண்டும் என்று தனியாகக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் போகப் போகத் தெரியும்.

போன வாரம் என் தங்கை பேரன், ஒன்பதாவது படிப்பவன், அவன் அப்பா போட்டுக் கழித்த ஸ்மார்ட் வாட்சை வாங்கிக்கொண்டு வந்தான். "பெரியம்மா பாட்டி, இதை ஃபேக்டரி ரீசெட் பண்ணப் போறேன்" என்றான். அப்படியென்றால் என்னடா என்று கேட்டேன். வாட்ச் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கிவிடுவதாம். அவன் அப்பா நடந்த நடை, தூங்கிய தூக்கம், நாடித்துடிப்பு, சேர்த்து வைத்த செய்திகள் எல்லாம் போய்விடும். யாருக்காவது கைமாற்றிக் கொடுப்பதானால் அவசியம் இதைச் செய்துவிடுங்கள், பிள்ளைகளே. அதற்கு முன்னால் சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும். வேண்டிய கணக்குகளைப் போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். பழைய ஆளின் போனிலிருந்தும் அவர் கணக்கிலிருந்தும் வாட்சைப் பிரித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சில வாட்சுகள் புது ஆளிடம் பழைய ஆளின் பாஸ்வேர்டைக் கேட்டுக்கொண்டு நிற்கும். பிறகு செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பகுதிக்குள் போனால் ரீசெட் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி இடம் கொஞ்சம் மாறும்.

அவன் அழுத்தினான். திரை இருண்டு திரும்ப வந்தது. 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டியது. "ஏன் பாட்டி 1970? ஏன் 5.30?" என்றான். நல்ல கேள்வி. முப்பது வருஷம் பாடம் நடத்தியவள் நல்ல கேள்வியை விட்டுவிட முடியுமா?

1970-க்குப் பதில் சுலபம். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்ற கணினி அமைப்பை உருவாக்கியவர்கள் நேரத்தை எண்ண ஒரு தொடக்கம் வேண்டுமே என்று 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவைப் பூஜ்யமாக வைத்தார்கள். அன்றிலிருந்து எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணுவதுதான் போனுக்குள்ளும் வாட்சுக்குள்ளும் ஓடும் கணக்கு. சரியான நேரத்தை எங்கிருந்தும் வாங்க முடியாத நிலையில் சில கருவிகள் பூஜ்யத்தைக் காட்டும். சில 2000 என்று காட்டும், சில தொழிற்சாலையில் மென்பொருள் ஏற்றிய தேதியைக் காட்டும். போனோடு இணைத்த அடுத்த நிமிஷம் சரியாகிவிடும். போன் டவரிலிருந்தோ இணையத்திலிருந்தோ செயற்கைக்கோளிலிருந்தோ நேரத்தை வாங்குகிறது. வாட்ச் போனிடம் வாங்குகிறது. இந்தியாவுக்கு மூல நேரத்தை வைத்திருப்பது டெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே சீசியம் அணுக்கடிகாரங்கள் ஓடுகின்றன.

5.30-க்குப் பதில்தான் நீளம். கிரீன்விச்சில் நள்ளிரவு 12 என்றால் நமக்குக் காலை 5.30. ஏன் 5.30? ஏன் 5.21 இல்லை?

விளையாட்டாகக் கேட்கவில்லை. நம் ஊர்ப் பக்கம் 1905 முடியும்வரை கிரீன்விச்சுக்கும் நமக்கும் இடைவெளி 5 மணி 21 நிமிஷம் சில விநாடிதான். அதற்கு மெட்ராஸ் டயம் என்று பெயர்.

1792-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானோக்கு நிலையம் கட்டியது. முன்னின்று கட்டியவர் மைக்கேல் டாப்பிங். நட்சத்திரங்களைப் பார்க்கும் கருவி அசையாமல் நிற்க ஒரு பெரிய கருங்கல் தூண் நட்டார்கள். அந்தத் தூண் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் இருக்கிறது. தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். கணித அறிவை ஆசியாவில் முதலில் ஊன்றியதே தாங்கள்தான் என்ற தோரணை அந்த எழுத்தில் உண்டு. எனக்கு அதில் கோபம் உண்டு. ஏன் என்று சொல்கிறேன்.

அதே நிலையத்தில் சில வருஷம் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், பிறகு நமக்குப் பக்கத்து ஊரான புதுச்சேரியில் இருந்துகொண்டு நம்மவர்களின் பஞ்சாங்கக் கணக்கை ஆராய்ந்தார். 1825-ல் சென்னையில் அச்சான அவருடைய 'கால சங்கலிதம்' என்ற நூலில் ஒரு செய்தி இருக்கிறது. புதுச்சேரித் தமிழர் ஒருவர், காகிதம் பேனா இல்லாமல், தரையில் சோழி பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாய்பாடுகளைக் கொண்டு அந்த வருஷச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் தொடங்கும் நேரம் நாலு நிமிஷ வித்தியாசத்தில் சரியாக இருந்தது. முடியும் நேரம் அவ்வளவு சரியாக வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் சோழியை வைத்துக்கொண்டு நாலு நிமிஷம்! விதை எங்கே இருந்தது என்று அந்தத் தூணிடம் கேட்கலாம்.

நம் பழைய கணக்கு நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிஷம், நாளுக்கு 60 நாழிகை. முல்லைப்பாட்டில் பாசறையில் இருக்கும் அரசனுக்கு நாழிகைக் கணக்கர் நீர்க்கடிகாரம் பார்த்து நேரம் சொல்லும் இடம் வருகிறது, பத்தாவதில் படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். நாழிகையில் ஒரு விசேஷம் கவனியுங்கள். அது சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது. அந்தந்த ஊர் உதயம் அந்தந்த ஊருக்கு. எந்தச் சர்க்காரும் உத்தரவு போட்டு அதை மாற்ற முடியாது. இந்த வரியை மறக்காதீர்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

ரயில் வந்த பிறகு ஊருக்கு ஒரு நேரம் என்பது கட்டுப்படியாகவில்லை. கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், மாயவரம் என்று நம் பாதை 1870-களில் போடப்பட்டது. கல்கத்தா நேரம் ஒன்று, பம்பாய் நேரம் ஒன்று, இரண்டுக்கும் ஒரு மணிக்கு மேல் வித்தியாசம். நடுவில் இருந்தது மெட்ராஸ். துல்லியமான கடிகாரமும், தந்தியில் நேரம் அனுப்பும் ஏற்பாடும் நுங்கம்பாக்கத்தில் இருந்தன. ஆகவே இந்தியா முழுக்க ரயில்கள் மெட்ராஸ் நேரத்தில் ஓடின. பம்பாய்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1881-ல் பம்பாய் அரசாங்கம் அலுவலகங்களில் மெட்ராஸ் நேரம் என்று உத்தரவு போட்டுப் பார்த்தது. எதிர்ப்பு தாங்காமல் இரண்டு வருஷத்தில் திரும்பப் பெற்றது.

1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு ஒரே நேரம் என்றானது. கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகை, கிரீன்விச்சுக்கு 5½ மணி முன்னால். பம்பாயில் ஆலைத் தொழிலாளர்கள் அதே மாதம் கிளர்ந்தார்கள். கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை, பம்பாய் 1955 வரை. நாம்? கடிகாரத்தை ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளிவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். ஒன்பது நிமிஷத்துக்கா சண்டை போடுவது என்றிருந்திருக்கும். பம்பாய்க்கு அது முப்பத்தொன்பது நிமிஷம்.

அந்த ஒன்பதையும் சேர்த்து இன்றைக்கு என்ன நிலைமை என்றால், சிதம்பரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12.11-க்கு. பிப்ரவரியில் 12.25 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 11.55-க்கே வந்துவிடும். சிதம்பரம், காஞ்சி ஏகாம்பரநாதர், காளஹஸ்தி மூன்றும் ஒரே தீர்க்கரேகையில் இருப்பதாக வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை எனக்கு வருகிறது. கிட்டத்தட்ட உண்மைதான், 79 பாகை 41, 42 கலையில் மூன்றும் இருக்கின்றன. அதற்கு மேல் அந்தச் செய்தியில் ஒட்டியிருக்கும் விஞ்ஞானத்தை விட்டுவிடுங்கள். மூன்று ஊரிலும் ஒன்றிரண்டு விநாடிக்குள் உச்சி வந்துவிடும் என்பது மட்டும் கணக்கில் நிற்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

1942 ஏப்ரலில் ஜப்பானியர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டார்கள். சென்னை பாதி காலியானது. விளக்கெரிப்பதைக் குறைத்துப் பகல் வெளிச்சத்தை முழுதாகப் பயன்படுத்த வேண்டும் என்று 1942 செப்டம்பர் 1 முதல் இந்தியா முழுவதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். 5½ மணி 6½ ஆனது. 1945 அக்டோபர் 15-ல்தான் பழையபடி திருப்பினார்கள். மூன்று வருஷம் ஒன்றரை மாதம், கடலூரில் உச்சிப் பொழுது கடிகாரத்தில் ஒரு மணிக்கு மேல். இதைச் சண்டை டயம் என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் சின்ன அத்தை பிறந்தது தாரண வருஷம் சித்திரை மாதம், அதாவது 1944 ஏப்ரல் கடைசி வாரம், கடலூர் ஓ.டி.யில். தாத்தா அப்போது ஒரு மல்லாட்டை மண்டியில் குமாஸ்தா. மல்லாட்டை கப்பலேறும் துறைமுகம் அல்லவா அது! சரக்கு வண்டி நேரம் பார்த்துத்தான் அவருக்குப் பிழைப்பு, அதனால் கைக்கடிகாரத்தைத் தினமும் ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பாராம். அத்தை பிறந்ததும் நோட்டில் இப்படி எழுதினார்: காலை 7.40, ரயில்வே டயம். அடுத்த வரியில், உதயாதி நாழிகை ஒண்ணே முக்கால்.

நோட்டிலிருந்த 7.40-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளூர் ஜோசியர் ஒருவர் ஜாதகம் கணித்துவிட்டார். ரிஷப லக்னம். அந்த வசந்தத்தில் செவ்வாய் இருந்தது மிதுனத்தில். ரிஷபத்துக்கு மிதுனம் இரண்டாமிடம். இரண்டில் செவ்வாய், ஆகவே செவ்வாய் தோஷம். இரண்டாமிடம் மிதுனமாகவோ கன்னியாகவோ இருந்தால் தோஷமில்லை என்று விதிவிலக்கு உண்டு என்று பின்னாளில் கேள்விப்பட்டேன். அன்றைக்கு அதைச் சொல்ல ஒருவருமில்லை. 1961-லிருந்து மூன்று வரன் வந்தது, மூன்றும் ஜாதகத்தோடு திரும்பிப் போனது. அத்தை எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தையல் கற்று, வீட்டிலேயே இருந்தார். பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கும்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு.

1965-ல் தாத்தா அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் போனார். கீழ வீதிப் பக்கம் பஞ்சாங்கம் கணிக்கத் தெரிந்த ஒரு பெரியவர். அவர் முதலில் வருஷத்தைக் கேட்டார். 44 என்றதும், "இது சண்டை டயம் ஆச்சே, ஒரு மணி கழிச்சீங்களா?" என்றாராம். கழித்தால் 6.40. மேஷ லக்னம். மேஷத்துக்கு மிதுனம் மூன்றாமிடம். மூன்றில் செவ்வாய்க்குத் தோஷம் கிடையாது. அடுத்த வருஷம் அத்தைக்குக் கல்யாணம் ஆனது.

மாமா 1979-ல் மாரடைப்பில் போனார். வயது நாற்பத்தொன்று. அத்தைக்கு இரண்டு பிள்ளைகள், பெரியவனுக்குப் பதினொன்று. துக்கம் கேட்க வந்த கூட்டத்திலேயே பேச்சு தொடங்கிவிட்டது. பழைய ஜாதகம்தான் நிஜம், கல்யாணம் நடக்க வேண்டும் என்று பெரியவர் திருத்தி எழுத வைத்துவிட்டார், தோஷம் சும்மா விடுமா என்று. எனக்கு அப்போது பத்தொன்பது வயது, ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். கூடத்தில் நின்றுகொண்டு அதைக் காதால் கேட்டேன். ஒரே வாக்கியத்தில் அத்தையைப் புருஷனை விழுங்கியவள் ஆக்கி, தாத்தாவைப் பொய்க் கணக்கு எழுதியவர் ஆக்கினார்கள். அத்தை தையல் மிஷினில் பிள்ளைகளை வளர்த்தார். எந்த வீட்டு வளைகாப்பிலும் முன்னால் வந்து நிற்கமாட்டார். போன தை மாதம் ஒரு கல்யாணத்தில்கூட இந்தப் பேச்சு என் காதில் விழுந்தது. பேசியவர்கள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஜாதகத்தில் எனக்குள்ள நம்பிக்கை எவ்வளவு என்பது இருக்கட்டும். மாமாவுக்கு வந்தது ரத்தக் கொதிப்பும் மாரடைப்பும், ஒரு கிரகமும் அவர் நெஞ்சில் ஏறி உட்காரவில்லை என்பது என் கட்சி. அதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். நீங்கள் நம்பும் கணக்குப்படியே வாருங்கள்.

தாத்தா நோட்டில் இரண்டு வரி இருக்கிறது. 7.40 ஒன்று, உதயாதி நாழிகை ஒண்ணே முக்கால் ஒன்று. ஒண்ணே முக்கால் நாழிகை என்றால் 42 நிமிஷம். 7.40-ல் 42-ஐக் கழித்தால் அன்றைக்குச் சூரிய உதயம் 6.58 என்றாகிறது. கடலூரில் ஏப்ரல் கடைசியில் சூரியன் உதிப்பது 5.55-ஐ ஒட்டி. வருஷத்திலேயே மிகத் தாமதமாக உதிக்கும் ஜனவரிக் கடைசியில்கூட 6.40-ஐத் தாண்டாது. சில்வர் பீச்சில் நடைக்குப் போகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். நம் கடிகாரத்தில் 6.58-க்கு உதயம் என்பது இந்த ஊரில் எந்த மாதத்திலும் நடக்காது. ஒரு மணி நேரம் தள்ளி வைத்த கடிகாரத்தில் மட்டும்தான் நடக்கும். 6.55, 6.58, கிட்டத்தட்ட ஒத்துப் போகிறதா?

நாழிகை வரியைப் பிறகு சேர்த்திருப்பார் என்று ஒரு சித்தப்பா சொன்னார். நோட்டைப் பாருங்கள். அத்தைக்கு அடுத்தபடியாக அதே பக்கத்தில், அதன் கீழே, அதே மசியில் மண்டிக் கணக்கு ஓடுகிறது. இடையில் செருக ஓர் அங்குல இடமில்லை.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவன் தன் அப்பாவின் கணினியில் ஏதோ தட்டிப் பார்த்தான். உலக நாடுகள் எப்போதெல்லாம் கடிகாரத்தை மாற்றின என்ற பட்டியல் ஒன்று இருக்கிறதாம். பெரும்பாலான கணினிகளும் போன்களும் அந்தப் பட்டியலை வைத்துத்தான் பழைய தேதிகளுக்கு நேரம் கணக்குப் போடுகின்றன. அதில் இந்தியாவுக்கான வரிகள் 'ஆசியா/கொல்கத்தா' என்ற தலைப்பில் இருக்கின்றன. 1906 ஜனவரி 1 வரை மெட்ராஸ் நேரம், 5 மணி 21 நிமிஷம் 10 விநாடி. பிறகு 5½. 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் 15 வரை 6½. பிறகு மறுபடி 5½. கீழ வீதிப் பெரியவர் வாயால் சொன்ன அதே கணக்கு. நாம் ஆயிரம் முறை ரீசெட் செய்தாலும் இந்த வரிகள் அழியாது, அவை மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன என்றான். இருபது நிமிஷம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலங்கையில் இருக்கும் நம் சொந்தங்களுக்கு இது புதிதாக இருக்காது. 1996-ல் அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி, அதே வருஷம் அரை மணி குறைத்து, 2006 சித்திரைப் புத்தாண்டில்தான் பழைய 5½-க்குத் திரும்பினார்கள். அந்தப் பத்து வருஷம் வடக்கில் புலிகள் வசமிருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. அந்த ஆண்டுகளில் அங்கே பிறந்த பிள்ளைகளுக்கு நேரம் குறித்தது எந்தக் கடிகாரம் என்று கேட்டுத்தான் எதையும் கணிக்க வேண்டும்.

சின்ன அத்தை எண்பதைத் தாண்டிச் சிதம்பரத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். கண் நன்றாகத் தெரிகிறது, இன்னும் ஊசியில் நூல் கோக்கிறார். நோட்டின் அந்தப் பக்கத்தை அவர் கையில் பிடித்திருக்கும் படத்தைக் கீழே போட்டிருக்கிறேன், அவர் சம்மதத்தோடு. பெரிதாக்கிப் பாருங்கள். ஐப்பசியில் அவர் பேத்திக்கு வளைகாப்பு. முதல் வளையலை அத்தைதான் போட வேண்டும் என்று பேத்தி சொல்லிவிட்டாள், பிள்ளை வீட்டாரும் சரி என்றுவிட்டார்கள். வருகிறவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள்.

நம் குடும்பத்தில் 1942 செப்டம்பருக்கும் 1945 அக்டோபருக்கும் இடையில் பிறந்தவர்கள் என் கணக்கில் ஐந்து பேர். அவர்களில் மூன்று பேருடைய ஜாதகக் கட்டு யார் வீட்டில் இருக்கிறது என்று தெரியவில்லை. பரணில் பாருங்கள். கிடைத்தால் முதல் பக்கத்தைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். மாணவர்களும் அனுப்பலாம், உங்கள் தாத்தா பாட்டி பிறந்த தேதியோடு. கழித்தலை நான் போட்டுத் தருகிறேன்.